கடலூர் கேப்பர் மலைச் சிறையிலும் புதுச்சேரி காலாப்பட்டுச் சிறையிலும் உள்ளே இருப்பவர்கள்: தண்டனையா, திருத்தமா?

வில்லியனூர் ஆசிரியர் (இழையைத் தொடங்கியவர்)

காலாப்பட்டு மத்தியச் சிறையில் கைதிகள் காய்கறி பயிரிடுகிறார்கள் என்று ஒரு செய்தி வந்தால் போதும், அதன் கீழே நம் ஊர்க்காரர்கள் எழுதுவதைப் படிக்க மனம் பதறுகிறது. "கொலைகாரனுக்குத் தோட்டமா?", "கல் உடைக்க விடுங்கள்", "என் வரிப்பணத்தில் சோறா?" எழுதுகிறவர்கள் யாரும் கொடியவர்கள் அல்லர். எனக்குத் தெரிந்தவர்கள், சிலர் என்னிடம் படித்தவர்கள்.

நீதிபதி ஏழு ஆண்டு என்று தீர்ப்பெழுதினால், அந்த ஏழு ஆண்டுதான் தண்டனை. வீடு இல்லை, மனைவி மக்கள் இல்லை, நினைத்த நேரத்தில் ஒரு தேநீர் குடிக்க முடியாது. இதற்குமேல் பட்டினி, அடி, அவமானம் என்று எதையும் எந்தத் தீர்ப்பும் எழுதவில்லை. சிறைக்குள் போனவுடன் ஒருவனுடைய அடிப்படை உரிமைகள் வாசலில் கழன்று விழுந்துவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1978இல் சுனில் பத்ரா வழக்கில் சொல்லிவிட்டது. நம் தெருக்களில் அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை.

இன்னொன்று. இன்று உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒருநாள் வெளியே வருவார்கள். முதலியார்பேட்டையிலோ திருப்பாதிரிப்புலியூரிலோ நமக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பார்கள். எப்படிப்பட்டவராக வர வேண்டும் என்பதைத்தான் நாம் பேச வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். எதிர்க்கருத்தும் வரட்டும்.

முத்தியால்பேட்டை வியாபாரி

ஐயா, நீங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். எல்லாரும் திருந்துவார்கள் என்ற நம்பிக்கை உங்களுக்கு இருக்கும். நான் கடை நடத்துகிறவன். மாமூல் கேட்டு வருகிறவனின் முகம் எனக்குத் தெரியும்.

அவன் ஜாமீனில் வந்த அன்று மாலை போட்டு, பட்டாசு வெடித்து, வண்டிகளில் ஊர்வலமாகக் கூட்டிப் போகிறார்கள். உள்ளே போவதற்கு முன் அவன் இந்தத் தெருவில் மட்டும் ஆள். வெளியே வந்தபின் மூன்று தெருவுக்கு ஆள். காலாப்பட்டில் செல்போன் பறிமுதல் என்ற செய்தியை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம்? உள்ளே இருந்துகொண்டே வெளியே ஆளை ஏவுகிறான். நாட்டு வெடிகுண்டு வீசுகிறவனுக்கு முதலில் பயம் வர வேண்டும். பயம் இல்லாத இடத்தில் தோட்டம் போட்டால் என்ன, பள்ளிக்கூடம் வைத்தால் என்ன?

திருத்தத்துக்கு உதாரணமாக நார்வேயைக் காட்டி யாரும் எழுத வேண்டாம். அங்கே மொத்த மக்கள்தொகையே ஐம்பத்தைந்து லட்சம்தான்.

பண்ருட்டி தங்கை

நான் எழுதலாமா என்று தயங்கினேன். எழுதிவிடுகிறேன்.

என் அண்ணனைக் கொன்றவன் கேப்பர் மலையில் இருக்கிறான். ஆயுள் தண்டனை. தீர்ப்பு வரும்வரை வாய்தா வாய்தாவாக நீதிமன்றத்துக்கு அலைந்தோம். அப்பா முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலையை விட்டுவிட்டு வருவார். அவருடைய அன்றைய கூலியை யாரும் தரவில்லை. அண்ணி இரண்டு பிள்ளைகளோடு எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்.

ஒருநாள் சந்தையில் அவனைப் பார்த்தேன். சிறை விடுப்பில் வந்திருக்கிறான். அவன் வரப்போகிறான் என்று எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "அது உங்களுக்கு எதற்கு அம்மா" என்றார்கள்.

ஆசிரியர் ஐயா, அவனுக்குத் தொழில் கற்றுக் கொடுக்கிறார்கள், புத்தகம் கொடுக்கிறார்கள், மனநல ஆலோசகர் வந்து பேசுகிறார். அண்ணனின் மூத்த பையன் இன்னமும் தூக்கத்தில் அலறி எழுகிறான். அவனோடு பேச எந்த ஆலோசகரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. திருத்தம் என்று நீங்கள் எல்லாரும் பேசும்போது அதில் நாங்கள் எங்கே இருக்கிறோம்?

முத்தியால்பேட்டை வியாபாரி

சகோதரி எழுதியதற்கு ஆசிரியர் பதில் சொல்லட்டும். நான் இனி எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

மஞ்சக்குப்பம் வழக்கறிஞர்

சகோதரிக்குத் தனியாக எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு அடிப்படையை இங்கே வைத்துவிட வேண்டும்.

"சிறையில் இருப்பவன்" என்றவுடன் எல்லாரும் தண்டனை பெற்றவனை நினைத்துக்கொள்கிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்குமேல். இவர்கள் குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. சொல்லாதபோது யாருக்குத் தண்டனை, யாருக்குத் திருத்தம்? நாம் வாதம் செய்துகொண்டிருக்கும் இரண்டு பக்கமும் இந்த நான்கில் மூன்று பேரைத் தொடவே இல்லை.

இவர்கள் ஏன் உள்ளே இருக்கிறார்கள்? பலருக்கு ஜாமீன் கிடைத்திருக்கிறது. ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை. இரண்டு பேர் வர வேண்டும், சொத்துக்கான சான்று வேண்டும். மீன்பிடித் துறைமுகத்தில் கூலி வேலை செய்கிறவனுக்கு எவர் வந்து கையெழுத்துப் போடுவார்? மத்திய அரசு 2023இல் ஏழைக் கைதிகளுக்கென ஓர் உதவித் திட்டம் கொண்டுவந்தது. விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகையாக 40,000 ரூபாய் வரையும், தண்டனைக் கைதிக்கு அபராதம் கட்ட 25,000 ரூபாய் வரையும் என்று அப்போது நிர்ணயித்தார்கள். இப்படி ஒன்று இருப்பது உள்ளே இருப்பவருக்கும் தெரிவதில்லை, வெளியே அலையும் மனைவிக்கும் தெரிவதில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவு, முதல்முறை வழக்கில் சிக்கியவர் அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் அவரைப் பிணைப்பத்திரத்தில் விடுவிக்க வேண்டும் என்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு உள்ளவருக்கும் பொருந்தாது. ஆகவே வியாபாரி அண்ணன் சொல்லும் ரவுடி இதில் வெளியே வரமாட்டான். பழைய வழக்குகளுக்கும் இது உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொல்லிவிட்டது.

ஓய்வுபெற்ற வார்டர், கடலூர்

முப்பது ஆண்டுக்கு மேல் சிறைக் காவலராகக் காக்கி போட்டவன். ஆசிரியரும் வியாபாரியும் சொல்லும் இரண்டு வகை ஆட்களையும் ஒரே சிறைத் தொகுதியில் பார்த்திருக்கிறேன்.

உள்ளே வரும் பையனுக்கு இருபது வயது இருக்கும். திருவிழாவில் ஒரு கைகலப்பு, ஒருவனுக்குத் தலையில் காயம், இவன் ரிமாண்ட். முதல் இரவு அழுவான். சாப்பிடமாட்டான். அந்த முதல் ஒரு வாரத்தில் அவனிடம் யார் போய் உட்கார்கிறார்கள் என்பதில்தான் மீதி எல்லாம் இருக்கிறது. ஆசிரியரோ நன்னடத்தை அலுவலரோ போய் உட்கார்ந்தால் அவன் ஒரு வழியில் போவான். ஆனால் அவர்களுக்கு முன்பே ஒரு பெரிய கை பிஸ்கட்டும் சோப்பும் கொடுத்து அனுப்புகிறான். "உனக்கு வக்கீல் நான் வைக்கிறேன் தம்பி" என்கிறான். வீட்டிலிருந்து மனு பார்க்க, அதாவது சிறையில் வந்து சந்திக்க, ஆள் வராத பையனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அவன் வெளியே போகும்போது அந்தக் கடனைக் கத்தியால் அடைப்பான். வியாபாரி ஐயா பார்க்கும் மூன்று தெரு ஆள் இப்படித்தான் உருவாகிறான்.

அதனால் கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 2022 ஆகஸ்டில் நடந்ததைக் கடலூரில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மத்தியச் சிறையின் உதவிச் சிறை அலுவலர் குடியிருப்பில் புகுந்து, உள்ளே குடும்பம் தூங்கிக்கொண்டிருக்கும்போது எரிக்கப் பார்த்தார்கள். செல்போனைப் பிடித்ததற்குப் பழி என்று காவல்துறை சொன்னது. கடமையைச் செய்ததற்குக் குழந்தைகளைக் கொளுத்த வந்தார்கள். இப்படிப்பட்டவனையும் அந்த இருபது வயதுப் பையனையும் ஒரே சுவருக்குள் வைத்துவிட்டு, தண்டனையா திருத்தமா என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? முதலில் பிரியுங்கள். பிரித்தபின் இவனுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று.

பிரிப்பதற்கு ஆள் வேண்டும். ஆறு கைதிக்கு ஒரு காவலர் என்று மாதிரிச் சிறைக் கையேடு சொல்கிறது. நான் ராத்திரிப் பணியில் நின்ற நாட்களில் அந்தக் கணக்கு காகிதத்தோடு சரி. ஆள் இல்லாத இடத்தில் பெரிய கைதான் நிர்வாகம் செய்யும். கண்டிப்பு என்று நீங்கள் கேட்பதும் நடக்காது, திருத்தம் என்று அவர் கேட்பதும் நடக்காது.

நெல்லிக்குப்பம் சாலை

வார்டர் ஐயா சொன்ன "பிரியுங்கள்" என்பதைச் சிலர் வேறு மாதிரி செய்துவைத்திருந்தார்கள். சாதி பார்த்துப் பிரிப்பது, சாதி பார்த்துத் துடைப்பம் கொடுப்பது. 2024 அக்டோபர் 3இல் சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தகைய சிறை விதிகளைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருந்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டது. பிரிவினை குற்றத்தின் தன்மையை வைத்து மட்டும் இருக்கட்டும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற வார்டர், கடலூர்

முழுவதும் ஒப்புக்கொள்கிறேன் தம்பி. நான் சொன்னது குற்றத்தையும் வயதையும் வைத்துத்தான்.

சிதம்பரத்திலிருந்து ஒரு மனைவி

என் கணவர் உள்ளே இருக்கிறார். என்ன வழக்கு என்று இங்கே எழுத விருப்பமில்லை. அவர் செய்தது தவறு. அவருக்குக் கிடைத்தது சரியான தண்டனை.

மனு பார்க்கப் போகும் நாளில் எனக்கு ஒருநாள் கூலி போகிறது. பஸ் செலவு, பிள்ளைக்கு வழியில் ஏதாவது வாங்கிக் கொடுக்கும் செலவு. கேப்பர் மலைச் செம்மண்ணில் வெயில் ஏறியபின் கைக்குழந்தையோடு நிற்பது எளிதல்ல. பேச வைக்கும் இடத்தில் பத்துக் குடும்பங்கள் ஒரே நேரத்தில் கத்துகின்றன. அவர் என்ன சொன்னார் என்று பாதி கேட்கவில்லை. பெண் குழந்தை அப்பாவின் கையைத் தொட வேண்டும் என்று அடம் பிடித்தாள்.

பள்ளிக்கூடத்தில் "அப்பா என்ன செய்கிறார்" என்று கேட்டால் வெளியூரில் வேலை என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். பண்ருட்டி சகோதரியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. உங்கள் அண்ணன் பிள்ளைகளையும் என் பிள்ளைகளையும் நினைத்தால், எந்தக் குற்றமும் செய்யாதவர்கள்தான் எல்லாப் பக்கத்திலும் தண்டனை அனுபவிக்கிறார்கள்.

அவர் உள்ளே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதித் தேறினார். எனக்குக் கடிதம் எழுதினார். திருமணமாகி அவர் எனக்கு எழுதிய முதல் கடிதம் அது. இது சொகுசு என்றால் சொகுசாகவே இருக்கட்டும்.

பண்ருட்டி தங்கை

சிதம்பரத்து அக்கா, உங்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பிள்ளைகளைப் படிக்க வையுங்கள்.

கடலூர் முதுநகர் வெல்டிங் பட்டறை

எல்லாரும் சுவருக்கு உள்ளே நடப்பதையே பேசுகிறீர்கள். வெளியே நடப்பதை நான் சொல்கிறேன்.

என் பட்டறையில் ஒருவர் இருக்கிறார். அடிதடி வழக்கில் தண்டனை முடித்து வந்தவர். கையில் நல்ல வேலை இருக்கிறது. கிரில் கேட், படகுக்கு இரும்பு வேலை எல்லாம் சுத்தமாகச் செய்வார். என்னிடம் வருவதற்கு முன் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கியிருக்கிறார். காவல் நிலையத்தில் நன்னடத்தைச் சான்று வாங்கி வா என்பார்கள். வழக்கு இருந்தவனுக்கு அந்தச் சான்று எப்படிக் கிடைக்கும்? வாடகைக்கு வீடு கேட்டால் ஆதாரில் பழைய முகவரி, பழைய முகவரியில் விசாரித்தால் கதை தெரிந்துவிடும். வீடு இல்லை. இப்போது பட்டறை மாடியில் தங்கியிருக்கிறார்.

சேர்த்தபோது என் மற்ற ஆட்கள் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் வேலையை விட்டே போய்விட்டார். என் மனைவிக்கும் பயம். பக்கத்தில் எங்கே எது திருடு போனாலும் காவலர்கள் முதலில் என் பட்டறைக்குத்தான் வருவார்கள். பண்டிகைக்கு முன் இரவில் வந்து அவரைக் கூட்டிப்போய்க் காலையில் விடுவார்கள். அவர் திரும்பி வந்து ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்குவார். அந்த நேரத்தில் எனக்கு வரும் கோபத்தை எழுத முடியவில்லை. தண்டனையை முடித்தாயிற்று என்று சொன்னது யார், நீதிமன்றம்தானே? பிறகு ஏன் இன்னும் தண்டிக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் சில மத்தியச் சிறைகளை ஒட்டிக் கைதிகளே வேலை செய்யும் பெட்ரோல் பங்குகள் நடக்கின்றன. அங்கே அவர்கள் கையில் பணத்தைக் கொடுத்து மீதிச் சில்லறை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போகிறோம். அதே ஆள் விடுதலையாகி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு நம் கடை வாசலில் வேலை கேட்டு நின்றால் மட்டும் பயம் வந்துவிடுகிறது.

முத்தியால்பேட்டை வியாபாரி

பட்டறைக்காரரே, உங்களை மதிக்கிறேன். ஆனால் உங்கள் ஆள் கோபத்தில் ஒருமுறை கை ஓங்கியவர். என் வாசலில் வந்து நிற்பவன் அதைத் தொழிலாக வைத்திருப்பவன். அவனுக்குத் தொழிற்பயிற்சி தேவையில்லை, அவனிடம் ஏற்கெனவே தொழில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை எழுதாமல் திருத்தம் என்று பொதுவாகப் பேசினால் எங்களைப் போன்றவர்கள் ஒருநாளும் உங்கள் பக்கம் வரமாட்டோம்.

ஆயுள் தண்டனை என்கிறார்கள், பதினான்கு ஆண்டில் வந்துவிடுகிறான். இது என்ன ஆயுள்?

மஞ்சக்குப்பம் வழக்கறிஞர்

அண்ணா, அந்தப் பதினான்கைப் பற்றி ஊர் முழுக்க ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. ஆயுள் தண்டனை என்றால் சட்டப்படி ஆயுள் முழுவதும்தான். மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்தில் ஆயுள் பெற்றவரைப் பதினான்கு ஆண்டு முடியுமுன் தண்டனைக் குறைப்பில் விடவே கூடாது என்பது விதி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ, இப்போதைய சன்ஹிதாவில் 475ஆவது பிரிவு. அது குறைந்தபட்ச எல்லை. பதினான்கு முடிந்தால் கதவு தானாகத் திறக்காது. அதற்குப்பின் விடுவதா என்பதை அரசு பரிசீலித்து முடிவெடுக்கிறது.

தண்டனை குறைவாக இருப்பது இங்கே நோய் அல்ல, தாமதம்தான் நோய். சம்பவம் நடந்து பல ஆண்டு கழித்துத் தீர்ப்பு வந்தால், அதற்குள் சாட்சி இறந்துபோகிறார் அல்லது மிரட்டப்பட்டுப் பிறழ்கிறார். தமிழ்நாட்டில் வழக்கு முடியுமுன் குண்டர் சட்டத்தைப் போட்டு ஓராண்டு உள்ளே வைப்பது பழக்கமாகிவிட்டது. 1982ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் தடுப்புக் காவலுக்கானது, குற்றத்தை நிரூபிக்கும் வேலையை அது செய்யாது. ஓராண்டு கழித்து அவன் வருகிறான், வழக்கு அங்கேயே நிற்கிறது. பட்டாசு வெடிப்பது இந்தத் தாமதத்தால்தான்.

வில்லியனூர் ஆசிரியர்

பண்ருட்டி மகளே, உன் கேள்விக்கு உடனே பதில் எழுதாமல் இருந்தது வேண்டுமென்றுதான். சமாதானம் சொல்ல நான் தகுதியானவன் அல்லன்.

ஆனால் உன்னை வெளியே நிறுத்திவிட்டு நடக்கும் திருத்தத்தை நான் திருத்தமாகவே ஏற்கமாட்டேன். தான் யாருக்கு என்ன செய்தோம் என்று ஒருவனுக்கு உள்ளே உறைக்காமல், தையலும் தச்சும் மட்டும் கற்றுக்கொண்டு வந்தால் அவன் தொழிலாளி ஆகியிருக்கிறான், அவ்வளவுதான். 1998இல் குஜராத் அரசு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொன்னது. கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி கொடு, அந்தக் கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவருக்கு ஒதுக்கச் சட்டம் செய். கூலியை மட்டும் பேசி, பங்கைப் பேசாமல் விட்டவர்கள் நாங்கள்தான், திருத்தம் பேசுகிறவர்கள். தமிழ்நாட்டில் கைதிகள் கூலியிலிருந்து பாதிக்கப்பட்டோருக்கான நிதி பிடிக்கப்படுகிறது. அது உங்கள் வீட்டுக்கு வந்ததா அம்மா?

பண்ருட்டி தங்கை

இல்லை ஐயா. அப்படி ஒரு நிதி இருப்பதே இப்போதுதான் தெரிகிறது.

அந்தப் பணம் வந்தால் வாங்கிக்கொள்வேனா என்று யோசித்தேன். வாங்கிக்கொள்வேன். அண்ணன் பிள்ளைகளுக்கு அது அவர்கள் அப்பாவின் கூலி. ஆனால் அதை வாங்கியதால் நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் எழுதக் கூடாது. மன்னிப்பு என்பது சிறைத்துறையின் திட்டமாக இருக்க முடியாது.

மஞ்சக்குப்பம் வழக்கறிஞர்

சகோதரி, நாளையே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். கடலூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்கு அண்ணியின் பெயரில் மனு கொடுங்கள். 15100 என்ற இலவச எண்ணில் அழைத்தாலும் வழி சொல்வார்கள். தீர்ப்பு நகல், வாரிசுச் சான்று, இறப்புச் சான்று எடுத்துச் செல்லுங்கள். சிறையின் கூலி நிதிக்குத் தனியாக ஒரு மனு எழுத வேண்டும், நான் எழுதித் தருகிறேன், கட்டணம் இல்லை.

விடுப்பைப் பொறுத்தவரை, அதை வழங்குமுன் நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்கிறார்கள். அந்த அறிக்கையில் உங்கள் வீட்டின் நிலையும் இடம்பெற வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரின் குரலைக் கேட்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதை அடிப்படையாக வைத்து வாதாட முடியும். "உங்களுக்கு எதற்கு" என்று கேட்டவருக்கு அதுவே பதில்.

ஓய்வுபெற்ற வார்டர், கடலூர்

மனு கொடுக்கப் போகும்போது நானும் வருகிறேன் அம்மா. எந்த மேசை என்று எனக்குத் தெரியும்.

வில்லியனூர் ஆசிரியர்

தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டு அரசுகளுக்கும் ஒரு கோரிக்கை மனு அனுப்பலாம் என்று நினைக்கிறேன். ஒன்று, முதல்முறை உள்ளே வருகிறவர்களைப் பழைய கைகளிடமிருந்து பிரித்து வையுங்கள், அதற்கான காவலர் இடங்களை நிரப்புங்கள். இரண்டு, விடுப்போ விடுதலையோ கொடுக்குமுன் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், கூலி நிதியை அவர்கள் வீடு தேடிக் கொடுங்கள். மூன்று, தண்டனை முடித்தவரை வேலைக்குச் சேர்க்கும் சிறு பட்டறைகளுக்குச் சலுகை கொடுங்கள், காரணமின்றி இரவில் கூட்டிப்போவதை நிறுத்துங்கள். மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்.

பண்ருட்டி தங்கை

இரண்டாவதில் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகர் என்பதையும் சேருங்கள். எங்கள் பிள்ளைகளுக்கும், சிதம்பரத்து அக்காவின் பிள்ளைகளுக்கும்.

கடலூர் முதுநகர் வெல்டிங் பட்டறை

எனக்குச் சலுகை வேண்டாம் ஐயா. இரவில் வராமல் இருந்தால் போதும். என் கையெழுத்து உண்டு.

முத்தியால்பேட்டை வியாபாரி

முதல் இரண்டில் என் பெயரைப் போடுங்கள். வியாபாரிகள் சங்கத்தில் பேசி இன்னும் கையெழுத்து வாங்கித் தருகிறேன். மூன்றாவதில் என் பெயர் வேண்டாம்.